குழந்தை தூங்கும் சத்தம்

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் மதிய வெயில் மேஜைவரை வந்துவிட்டது. பச்சிளம் குழந்தைகளின் கட்டிலருகே வைக்கும் கருவிக்காக, துவரம்பருப்பு அளவு இண்டக்டர் கம்பிச்சுருள் ஒன்றைப் போர்டில் பற்றவைத்து ரெனிதா கரண்ட் கொடுக்கிறாள். "மீட்டர் கரெக்டா காட்டுது, சூடும் இல்ல. இன்னும் இன்னா பாக்குற?" என்கிறான் கூட வேலைசெய்யும் ஜாபஸ். அவள் ஃபேனை நிறுத்துகிறாள். போர்டில் பட்டுவிடாமல் ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, காதைச் சாய்க்கிறாள். "கொசு மாதிரி ங்கொய்யினு கத்துது." அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கிறாள், அதுவும் கத்துகிறது. மூன்றாவதன்மேல் சாய்ந்தவள் நிமிரவே இல்லை. கழுத்து வியர்வை காலரில் இறங்குகிறது. அந்தக் காதையே பார்த்தபடி ஜாபஸ் மூச்சை அடக்கி நிற்கிறான். "இதுதான். குழந்தை தூங்கும்," என்று சிரிக்கிறாள். ஜாபஸ் குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்: "ஃபேன் போடலாமா?"