கலப்பில்லாத ஒரு பாட்டில்

“எனக்கு எந்த வியாதியைக் கண்டும் பயமில்லைங்க. சர்க்கரை மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“அது என்ன, காலிங் பெல் அடிச்சுட்டா வரும்?”

“வந்தா என்கிட்ட சொல்லாதீங்க. அவ்வளவுதான்.”

கல்யாணமான புதிதில் அவர் மனைவி சொன்னது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று அவள் அப்பாவின் கால் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. அதைக் கூடவே இருந்து பார்த்தவள்.

அதனால் அன்று அவர் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். தனக்கு வந்தபோது, சொல்லாமலே இருந்துவிட்டார்.

மாத்திரைகள் ஆய்வுக்கூடத்து மேசை இழுப்பறையில் கிடந்தன. பாக்கெட் தின்பண்டங்களிலும் பாட்டில் பானங்களிலும் செயற்கை இனிப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வது அவர் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் ‘இனிப்பு சார்’. பெயர் வைத்தவர்களுக்கு, அது எவ்வளவு பொருத்தம் என்று தெரியாது.

பெரிய சங்கடம் காலை ஜூஸ்தான்.

அவர் கிளம்பும்போது எலுமிச்சை ஜூஸை பாட்டிலில் ஊற்றிக் கையில் திணிப்பாள். “நல்லா இனிப்பாத்தான் இருக்கு. மிச்சம் வைக்காதீங்க.”

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் பொய் சொல்ல வேண்டும். அவர் வாயில் பொய் நிற்காது. வாங்கிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவார். மாலையில் காலி பாட்டிலைப் பார்த்து அவளுக்கு அப்படியொரு திருப்தி.

இன்று காலை வாசல்வரை வந்தாள். கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறாள். கேட்டால், தரை சில்லென்று இருக்கிறதாம்.

“என்னங்க,” என்று ஆரம்பித்தாள்.

அவர் திரும்பினார்.

“ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க.”

இந்த ‘ஒண்ணுமில்ல’வும் கொஞ்ச நாளாகத்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பெனியின் எலுமிச்சை பானம் காத்திருந்தது. ‘செயற்கை இனிப்பு இல்லை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை அளக்கும் முன், உண்மையிலேயே எதுவும் கலக்காத ஒன்றை மெஷினுக்குக் காட்டியாக வேண்டும். பிளாங்க் என்பார்கள். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டதைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் கடையில் வாங்கி வந்த பாட்டில் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சாமர்த்தியம் கலந்திருந்தது.

“உங்க வீட்டு ஜூஸ் இருக்கே சார். அதைவிடவா சுத்தம்?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இன்றைக்காவது தொட்டிக்குப் போகாமல் உபயோகப்படட்டும். கொஞ்சம் எடுத்து வடிகட்டி மெஷினில் ஏற்றினார்.

திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு தலைகாட்ட வேண்டிய நிமிடம் வந்ததும், விருட்டென்று எழுந்து நின்றது.

முன்பு போட்டதன் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் கழுவினார். வெறும் தண்ணீரை ஏற்றினார். கோடு சமத்தாகப் படுத்துக்கிடந்தது. மறுபடி ஜூஸ். மறுபடி அதே இடத்தில் அதே சிகரம். மெஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

“என்ன சார், வீட்டம்மாவுக்கே நோட்டீஸ் அனுப்பிடலாமா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லாதே என்றவள் தானே கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல், பாட்டில் பாட்டிலாக அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். வாசலில் அவள் விழுங்கிய பேச்சு இதுதான்.

அதையல்லவா தினமும் தொட்டியில் ஊற்றினோம். அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது.

அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். பஸ்ஸில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்: உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஜூஸ் ஜாடி, அதன் பக்கத்தில் பாதி குடித்த அவளுடைய டம்ளர். காலுறை ஒன்று தரையில் கிடந்தது. அவரைக் கண்டதும் ஒரு பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அவர் மிச்ச ஜூஸோடு பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

“இதை இன்னைக்கு மெஷின்ல போட்டுப் பாத்தேன்.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“எனக்கு மட்டும் தனியாக் கலந்தா ஏன்னு கேப்பீங்க. அதான் உங்களுக்கும் சேத்தே போட்டுட்டேன்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

கால் போனது அவளுடைய அப்பாவுக்கு. அந்த ரத்தம் யாருக்கு வந்திருக்கும் என்ற சின்னக் கணக்கு, இத்தனை வருஷமும் இனிப்பு சாருக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் பழகி வந்த வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை.

அவள் பாதத்தை மெல்ல வெளியே நீட்டினாள். கைக்குட்டையைக் கிழித்து, தானே சுற்றிக்கொண்ட கட்டு. ஓரத்தில் ஈரம்.

“ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேங்க. தனியாப் போக பயமா இருக்கு. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?”