சாயம் தின்னும் தண்ணீர்

நொய்யல் கரையில் குடியிருந்த சுகந்தியின் மூன்றாவது காக்கிச் சட்டையும் ஒரே துவைப்பில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டரான அவளைப் பார்த்ததும் டிப்போ மேலாளர், "நர்ஸ் வேலைக்கா கெளம்பி வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவள் நேராக, சாயப்பட்டறைக் கழிவு இறங்கிய கிணறுகளைச் சுத்தம் செய்யும் சுத்திகரிப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"ஏனுங்க சார், நீங்க எங்க கிணத்துல கலந்த மருந்துல என் துணியெல்லாம் வெளுத்துப் போகுதுங்க!"

"சாயக்கழிவை உடைக்கத்தானுங்க கலந்தோம். பட்டறைச் சாயம் எது, உங்க சட்டைச் சாயம் எதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அதிகாரி. "ஒரு சொம்பு குடிச்சுத்தான் பாருங்களேன்."

வீட்டுக்கு வந்தவள் கோபத்தோடேயே கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்தாள். இருபது வருஷமாக வாயில் வைக்க முடியாதிருந்த தண்ணீர் இளநீராட்டம் இனித்தது. இனி யாரோடு போய்ச் சண்டை போடுவது என்று அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.