ஏழாவது வார்டுக்கு ஒரு குப்பைக் கிடங்கு

"அந்த ஃபேனுக்குக் கீழ இருக்குறது என் சேரு. எந்திரிங்க."

நத்தர்ஷா சொன்னதைக் காதில் வாங்காமல் மதன்குமார் காலை நன்றாக நீட்டிக்கொண்டார். "சேர்ல உங்க பேரு எழுதியிருக்கா பாய்? எனக்கும்தான் வேர்க்குது."

"நாலு வருசமா நான் அங்கனதான் உக்காந்திருக்கேன்."

"அப்ப நாலு வருசமா காத்து வாங்கிட்டீக. இனி நான் வாங்குறேன்."

பேரூராட்சிக் கூட்ட அரங்கில் சிரிப்பு எழுந்தது. தலைவர் அம்மாவாசி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கடிகாரத்தில் இருந்தது.

குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது என்று இன்று மாலைக்குள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால், அதிகாரிகள் முன்பே அளந்து வைத்த இடம்தான் முடிவு. அந்த இடம், அவர் புதிதாகக் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்தின் சுவரை ஒட்டி இருந்தது. மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் தாலி கட்டத் திணறும் மாப்பிள்ளை ஒருவன் கொஞ்ச நாளாக அவர் கனவில் வந்துகொண்டிருந்தான்.

அதனால் கிடங்கை ஏழாவது வார்டுக்குத் தள்ளிவிட முடிவு செய்திருந்தார். அங்கே ஆற்றங்கரையில்தான் ஊருக்கே குடிதண்ணீர் எடுக்கிற கிணறு இருந்தது. தலைவர் வீட்டில் கேன் தண்ணீர்.

பதினைந்து உறுப்பினர்களில் பதினான்கு பேர் அவர் கூட்டணி. தலைவர் கொண்டுவரும் தீர்மானத்தை எதிர்த்து யாரும் கை தூக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எதிர்க்கட்சி என்று இருந்தது ஏழாவது வார்டு நாகஜோதி ஒருவர்தான், சுயேச்சை. அவர் போடப்போகும் கூச்சலுக்காகத் தலைவர் சட்டைப் பையில் காதுக்குப் பஞ்சுகூட வைத்திருந்தார். ஆனால் நாகஜோதியோ, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தவரைப் போல மேற்கு மலையையும் அதன் மேல் படுத்திருந்த மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதிப்பில்லாத எடத்துல எனக்கென்ன வேலை? நான் வெளிநடப்பு பண்றேன்" என்று நத்தர்ஷா துண்டை உதறினார். அவர் பக்கத்து உறுப்பினர்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள்.

"யோவ், அவரக் கூப்பிடுங்கய்யா" என்று தலைவர் பதறினார்.

"போகட்டும் விடுங்கண்ணே" என்றார் நாகஜோதி. "நீங்க தலைவரு. ஒரு சேருக்குப் போயி அவுககிட்ட கெஞ்சணுமா?"

அம்மாவாசிக்கு அது இதமாக இருந்தது. யோசித்தால், போனது நல்லதுதான். கை தூக்க வைப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு தெருவிளக்கு, ஒரு சிமெண்ட் ரோடு என்று படியளக்க வேண்டும். வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும்.

அடுத்து மதன்குமார் ஆரம்பித்தார். "தலைவரே, புதுச் சாக்கடைக் கல்வெட்டுல என் பேரு எங்கன இருக்கு?"

"கடைசி வரியில இருக்குல்ல மதனு."

"கான்ட்ராக்டர் பேருக்குக் கீழயா? சாக்கடை ஓடுறது என் வார்டுல. நாத்தம் எனக்கு, பெருமை அவருக்கா?"

"எடம் அவ்வளவுதான்யா இருந்துச்சு."

"அப்ப இங்கனயும் எனக்கு எடம் வேணாம்."

மதன்குமாரும் தன் கூட்டாளிகள் மூவரோடு வெளியேறினார். அத்தனை சண்டை போட்டுப் பிடித்த நாற்காலி தனியாகக் காற்று வாங்கியது. தலைவர் இந்த முறை யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை.

டீ வந்தது. மொக்கம்மாள் தட்டை எட்டிப் பார்த்தார். "வடை எங்க?"

"தீர்மானம் முடியட்டும் மதினி, வாங்கித் தாரேன்."

"கை தூக்கித் தூக்கித் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. ஒரு உளுந்த வடைக்கு வக்கில்லையா இந்தப் பேரூராட்சிக்கு? வாடி மகாலட்சுமி, போவோம்."

இருவரும் போனார்கள்.

"உங்களுக்கு வாய்ச்ச கூட்டம் அப்படிண்ணே" என்று நாகஜோதி அனுதாபத்தோடு சொன்னார்.

மிச்சம் இருந்தது தலைவர், அவருடைய மச்சினன் விஜயபாண்டி, கொட்டாவி விட மட்டுமே வாய் திறக்கும் இரண்டு உறுப்பினர்கள், பிறகு நாகஜோதி.

செயல் அலுவலர் ஜெபஷீலா தயங்கியபடி எழுந்தார். "தலைவரே, ஒரு விசயம்..."

"பெறகு சொல்லுங்கம்மா. மொதல்ல தீர்மானத்தப் படிங்க."

அவர் படித்தார். படித்து முடிக்கவும் நாகஜோதி எழுந்தார். "ஏழாவது வார்டு சார்புல கண்டனம் தெரிவிச்சு நானும் வெளிநடப்பு பண்றேன்."

அம்மாவாசியின் முகத்தில் மண்டபத்துச் சீரியல் விளக்கெல்லாம் எரிந்தது. "நல்லபடியா போயிட்டு வா தங்கச்சி. ஏலே விஜயபாண்டி, கதவத் தெறந்து விடு."

நாகஜோதி எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"எதிர்ப்பே இல்ல. ஒருமனதா நெறவேறிருச்சுன்னு எழுதுங்கம்மா."

ஜெபஷீலா பேனாவை மூடினார். "எழுத முடியாது தலைவரே. கூட்டம் செல்லணும்னா கொறஞ்சது அஞ்சு பேராச்சும் இருக்கணும். இப்பப் போன நாகஜோதியம்மாவோட சேத்துத்தான் அஞ்சு பேரு. அதத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."

யாரையாவது கூப்பிட்டுவிடலாம் என்று தலைவர் ஜன்னலுக்கு ஓடினார். கீழே டீக்கடை பெஞ்சில் நத்தர்ஷாவும் மதன்குமாரும் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்க, படியிறங்கி வந்த நாகஜோதியிடம் மொக்கம்மாள் கேட்டது மாடிவரைக்கும் தெளிவாக வந்தது: "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே கோவிச்சுக்கிட்டமா ஆத்தா?"