பொட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

வீட்டிலேயே பீர் காய்ச்சப் புதிதாக ஓர் அண்டா வந்தது. வந்த அன்றே அதன் மேல் விளிம்பை ஒட்டிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. இனி குழாய்க்கும் தெர்மாமீட்டருக்கும் அதில் ஓட்டை போட வேண்டும்.

"பொட்டு இருக்கிற பக்கம்தான் முகம். நான் அதுக்கு வலப்பக்கம்," என்றது பித்தளைக் குழாய்.

"அப்ப இடப்பக்கம் எனக்கு," என்றது தெர்மாமீட்டர்.

அண்டா கெஞ்சியது. "ஐயா, எனக்கு ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். முதல்ல தண்ணியை ஊத்தி, எதுவரைக்கும் நிக்குதுன்னு பாருங்க."

"அடியிலே அடுப்பை முறைச்சுக்கிட்டு நிக்கவா நான் பிறந்தேன்? வர்றவங்க கண்ணுல பட வேணாமா?" என்று குழாய் சிரித்தது.

"பாத்திரத்துக்கு என்ன தெரியும்!" என்று தெர்மாமீட்டரும் சேர்ந்துகொண்டது.

துளை போடும் மெஷின் அவர்கள் கேட்ட இடத்திலேயே போட்டுவிட்டது.

பார்லியும் தண்ணீருமாக முக்கால் அண்டா அடுப்பில் ஏறியது. அதற்கும் மேலே காற்றில் நின்ற தெர்மாமீட்டர், "இன்னும் சூடே ஏறலை, தீயைக் கூட்டுங்க," என்று கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அடிப்பிடித்த வாடைதான் வந்தது. குழாயைத் திருகினால் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"அண்டா, கொஞ்சம் சாய்ஞ்சு கொடேன்," என்றது குழாய், குரலைத் தாழ்த்தி.

"கொதிக்கிறதை வச்சுக்கிட்டு நான் ஏன் சாயணும்? மெஷினண்ணே, ஆறினதும் என் அடிவயித்துல இன்னொரு ஓட்டை போடுங்க. வேற குழாய் வரட்டும்."

"அப்ப நாங்க?"

"நீங்க ரெண்டு பேரும் அங்கேயே இருங்க, ராசா. ஆவி பிடிக்கலாம். சளிக்கு நல்லது."