ஒரே ஒரு வாசகி

அந்த வாசகி இந்த வாரமும் அழுதுவிட்டாளாம். வார இதழின் ஆசிரியர் அவள் கடிதத்தை எடுத்துக் காட்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளருக்கு முகமெல்லாம் பல்.

"நாலாவது கடிதம் சார். வேற ஒருத்தரும் எழுதலன்னாலும் இவங்க மட்டும் விடறதில்ல."

"யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்."

எழுபது வயதில் அவருக்கு மிச்சம் இந்தத் தொடர்கதை ஒன்றுதான். வாரா வாரம் அத்தியாயத்தைக் கொடுக்க வரும்போது இந்த அறையில் அரை மணி நேரம் பேசுவார். மற்ற நாட்களில் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது. கடிதம் வராத தொடரை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி போன மாதம் கறாராகச் சொல்லியிருந்தார்.

நாடகக் காலத்தில் திரைக்குப் பின்னால் நின்று கைதட்டலைக் காதாரக் கேட்டவர் அவர். பிறகு சினிமா. முதல் படத்திலேயே தன் வசனத்தில் பாதியைக் காணாமல் நொந்துபோனவர், அன்றிலிருந்து எழுதிக் கொடுப்பதோடு சரி. படமோ பத்திரிகையோ, வெளிவந்த பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் முதலாளிக்குப் போன் போட்டுக் கடிதத்தை வாசித்தார். "'சண்டை போட்டுப் போன மனைவி, குடையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பி வருகிறாளே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.' கேட்டீங்களா சார்? இப்படி ஒரு வாசகி இருக்கும்போது எப்படி நிறுத்தறது?"

எழுத்தாளர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"சரிங்க சார்... ரொம்ப நன்றி." ஆசிரியர் போனை வைத்தார். "தொடரட்டும்னு சொல்லிட்டார்."

அப்பாடா என்றிருந்தது எழுத்தாளருக்கு. "அந்த இடத்த எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு தம்பி."

ஆசிரியர் போன வார இதழை எடுத்து, கதை வந்திருந்த பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"பக்கம் பத்தலன்னு குடைக் காட்சிய நான் வெட்டிட்டேன் சார். அது அச்சாகவே இல்ல."

எழுத்தாளருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை.

ஆசிரியர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அடுத்த கடிதம் எழுதறதுக்கு முன்னாடி, புத்தகத்த ஒரு தடவ பாத்துடுங்க சார்."