பொட்டு வைத்த இடம்

கரடிமட்டம் பச்சையாக இருந்தது.

அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சுவர் நிறைய மலையின் வரைபடம். மலையில் நிற்கும் செல்போன் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வேலை செய்தால் பச்சை. செத்தால் சிவப்பு. மேட்டுப்பாளையத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை.

கரடிமட்டத்தில் கஸ்தூரி இருக்கிறாள். தங்கை. நிறைமாதம். புருஷன் லாரியோடு வெளியூர் போயிருக்கிறான்.

மத்தியானத்திலிருந்து கஸ்தூரிக்கு லைன் கிடைக்கவில்லை.

தூறல் போட்டாலே படுத்துவிடும் கோபுரம் அது. இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மலையையே காணவில்லை. அப்படி ஒரு மழை. இந்த மழையிலும் பச்சையாக நிற்கிறது என்றால் நம்புவதா?

"பச்சைன்னா பச்சைதான் அம்மிணி. தங்கச்சி போனுல சார்ஜ் தீர்ந்திருக்கும்" என்றார் சதானந்தம் சார். அறைக்கு அவர்தான் தலைவர்.

அவருக்கு இன்று சந்தோஷம். காரணம் இருந்தது.

பக்கத்து அறையில் இந்த வரைபடத்தை இயக்கும் இரண்டு சர்வர்கள். மூத்தவள், இளையவள் என்று இவர்களாக வைத்த பெயர். மூத்தவள் உழைப்பாள். இளையவள் அருகிலேயே இருந்து எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்வாள். மூத்தவள் விழுந்தால் அந்தக் கணமே இளையவள் எழுந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் மூத்தவள் விழுந்தாள். இளையவள் எழுந்தாள். திரை கண்கூடச் சிமிட்டவில்லை. சார் பூரித்துப்போய் ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார்.

அவள் ஜாங்கிரியைத் தொடவில்லை. எழுந்து சர்வர் அறைக்குள் போனாள்.

ஏசிக் குளிர். மூத்தவள் இருண்டு கிடந்தாள். இளையவள் வாடிய பூச்சரத்தோடு நின்றாள். போன வாரம் ஆயுத பூஜை.

இரண்டு பேருக்கும் பொட்டு வைத்தது அவள்தான். சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம். சர்வருக்கு நெற்றி எது என்று யாருக்குத் தெரியும்? மேலே, நடுவாக, லட்சணமாக ஓர் இடம் பார்த்து அப்பினாள். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

இப்போது மூத்தவளைப் பார்த்தாள். இளையவளைப் பார்த்தாள்.

மூத்தவளின் நெற்றியில் பொட்டு உதிர்ந்த இடத்தில் ஒரு குட்டி விளக்கு இருந்தது.

இளையவளின் சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். காய்ந்து ஓடாகிப் போயிருந்தது. பெயர்ந்து விழுந்தது.

அடியில் விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை, எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

பின்பக்கம் ஓடினாள். ஒரு கேபிள் பாதி வெளியே வந்து தொங்கியது. பூஜைக்குத் தூசி தட்டியபோது இழுபட்டிருக்க வேண்டும். மலையின் செய்தி இளையவளுக்கு அதன் வழியாகத்தான் வரவேண்டும்.

சுவரில் தெரிந்தது இன்றைய மலை அல்ல.

பூஜையன்று வெயில் காய்ந்த மலை.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு கேபிளை அழுத்தினாள். க்ளிக்.

திரும்பி வந்தபோது வரைபடம் வெளிறிப்போயிருந்தது. சார் கையில் ஜாங்கிரியோடு நின்றுகொண்டிருந்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.

கரடிமட்டம் மட்டும் சிவப்பு.

ஒரு சிவப்பைப் பார்த்து அவள் இப்படி மகிழ்ந்ததே இல்லை. செத்தது கோபுரம்தான். கஸ்தூரிக்கு ஒன்றுமில்லை.

ஒன்றும் இருக்கக்கூடாது.

அந்த மகிழ்ச்சி ஒரு மூச்சுக்குத்தான் தாங்கியது. இந்த மழையில் வலி கண்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட அங்கே யாருக்கும் வழியில்லை. ஊருக்கே வாய் கட்டிக் கிடக்கிறது.

மலைமேல் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரூபனுக்குப் போன் போட்டாள். கரண்ட் போனால் கோபுரத்தை ஓட்டும் கரடிமட்டம் ஜெனரேட்டரின் சாவி அவனிடம்தான். அடுத்த ஊரில், சிக்னல் இருக்கிற இடத்தில்தான் இருந்தான்.

"மரம் விழுந்து கெடக்குதுங்க. ஜீப்பு போகாது. நடந்தே ஏறீர்றேன்" என்றான்.

சார் ஜாங்கிரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் போயிற்று. அவளால் உட்கார முடியவில்லை. மறுபடி சர்வர் அறைக்குப் போனாள். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டு இளையவளுக்குப் புதிதாகப் பொட்டு வைத்தாள். விளக்கைவிட்டு நன்றாகத் தள்ளி, ஓரமாக. கோணலாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

விளக்கு இப்போது பச்சை.

வெளியே சார் கத்தினார். வந்து பார்த்தாள்.

கரடிமட்டம் பச்சை.

அவள் நம்பவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். கூப்பிடத் துணிவில்லை.

அதுவே அடித்தது.

"ஏனக்கா, எத்தனை தடவ கூப்புடறது உன்னை? உங்க கம்பெனிக்காரங்க இங்க டவரு வெச்சிருக்காங்களா, கொடிக்கம்பம் நட்டு வெச்சிருக்காங்களா? நல்லவேளை, சூட்டு வலியாப் போச்சு. நெச வலியா இருந்திருந்தா என் கதி என்னாகறது?"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். முதுகுக்குப் பின்னால் மலை முழுவதும் பச்சை.

"ஏனக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். "வெச்சுராதே. திட்டிக்கிட்டே இரு."