மீன் தின்ற மாத்திரை

பேட்டரி கம்பெனியில் ஈயம் உருக்குகிறவன் நான். ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோதும் பெரிய வீரன் மாதிரி சிரித்தேன்.

"கம்பெனியிலேயே குளிச்சு, துணி மாத்திட்டுப் போங்க. வீட்டுல குழந்தை இருக்குல்ல? துணியில ஒட்டுற ஈயத் தூசி அதுக்கும் ஆகாது."

"எனக்குச் சளி உடம்பு சார். கண்ட நேரத்துல குளிச்சா ஒத்துக்காது."

பக்கத்தில் இருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

"பாசி மாத்திரைங்க. ஈயத்தையெல்லாம் உறிஞ்சிடுமாம். ஆனா பத்தியம் கடுமை. கம்பெனியிலேயே தலைக்குக் குளிச்சு, துவைச்ச துணி போட்டுக்கிட்டு வந்துதான் முழுங்கணும். இல்லைன்னா வேலை செய்யாதாம்."

படித்தவள் இப்படி ஏமாறுகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்தான். எதிர்த்துப் பேச எனக்கேது தைரியம்?

தினமும் குளித்தேன். ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாத்திரையைத் தருவாள். ஒரே பாசி நாற்றம். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் மீன்தொட்டியில் துப்பிவிடுவேன். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! மீன்கள் கொழுத்துக்கொண்டே போயின. பாப்பா என் தோளில் தொங்கியபடி அதுகளை வேடிக்கை பார்க்கும்.

அடுத்த பரிசோதனையில் ஈயம் நன்றாகக் குறைந்திருந்தது. சேதி பரவி, கூட வேலை பார்க்கிறவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாப்ளே, அந்த மாத்திரை பேரைச் சொல்லு. இனிமே மாஸ்க்காவது மண்ணாங்கட்டியாவது!"

அவனும் பிள்ளைகுட்டிக்காரன். மானம் போனால் போகட்டும்.

"நான் ஒண்ணுகூட முழுங்கலடா. எல்லாம் மீனுக்குத்தான் போச்சு" என்றேன், மனைவி பக்கம் திரும்பாமலே.

பாத்திரம் எதுவும் பறந்து வரவில்லை. அவள் அவனிடம்தான் பேசினாள்.

"மாத்திரையெல்லாம் வேணாம்ண்ணே. மாஸ்க்கைப் போடுங்க. குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க துப்புறது முதல் நாளே தெரியும்ங்க. பாசியை யாரு நம்பினா? உங்க சட்டையில இருக்கிற ஈயம் பாப்பா வாய்க்குப் போகக்கூடாதேன்னுதான் அந்தப் பத்தியம்!"